பதினோராவது பிரேக்

"வண்டிய நிறுத்துறதுல என்னம்மா பெரிய வித்தை இருக்கு?"

அவளுடைய அக்காவுக்குக் கல்யாணமான மறுவாரம் அத்தான் அவளிடம் கேட்ட கேள்வி இது. அவள் ஒரு பணிமனையில் பிரேக் வேலை பார்க்கிறாள் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். அவள் தன் நகக்கண்ணில் படிந்திருந்த கறுப்பைப் பார்த்தபடி நின்றாள். அந்த மௌனத்தைத் தன் அறிவுக்குக் கிடைத்த மரியாதையாக அத்தான் எடுத்துக்கொண்டார். எதையும் அப்படி எடுத்துக்கொள்ள அவருக்கு நன்றாக வரும்.

அவர் வைத்திருந்தது இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாக ஊரும் ஸ்போர்ட்ஸ் கார். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகுமாம். அவர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நான்கு கிலோமீட்டர், நடுவில் ஆறு சிக்னல். அதில் ஏற முதலில் பின்பக்கத்தை உள்ளே தள்ள வேண்டும், பிறகு வயிற்றை மடக்க வேண்டும், கடைசியில் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும். இறங்குவதற்கு அக்கா ஓடிவந்து கைகொடுக்க வேண்டும். இறங்கியதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பந்தயத்தில் ஜெயித்து வந்தவர்போல நாலு பக்கமும் பார்ப்பார்.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேட் தேய்ந்துபோய், ஒருநாள் அந்தக் கார் அவள் வேலை பார்க்கும் இடத்துக்கே வந்து நின்றது.

அங்கே பிரேக் பகுதிச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. பிரேக்கில் கைவைக்க யாருக்கெல்லாம் அனுமதி இருக்கிறதோ அவர்கள் பெயர் அதில் இருக்கும். மாட்டிய பிரேக் ஒரு வாரத்துக்குள் குறையோடு திரும்பி வந்தால் மாட்டியவரின் பெயரை அழித்துவிடுவார்கள். அழிக்கப்பட்டவர் வண்டி கழுவப் போக வேண்டும். அவள் மூன்று வருடம் வண்டி கழுவிய பிறகுதான் நான்காவதாக அவள் பெயர் ஏறியது. பெயர் என்றால் பெயர்கூட இல்லை, 'பூனை' என்று எழுதியிருந்தார்கள். சத்தமில்லாமல் நடப்பதால் வந்த பட்டம். அதையும் அவள் தினமும் காலையில் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

அத்தான் அவளைத் தாண்டி முதலாளியிடம் பேசினார். பந்தயக் காரில் போடுகிற பேட் வேண்டும் என்றார். அதன் அட்டைப்பெட்டியில் தீப்பிழம்பு போட்டிருந்ததைப் பார்த்துவிட்டார். அது கொதிக்கக் கொதிக்கச் சூடானால்தான் பிடிக்கும், ஆறு சிக்னலில் அந்தச் சூடு ஏறவே ஏறாது என்று அவள் முதலாளியின் காதருகே சொன்னாள். முதலாளி அதைத் தன் சொந்த யோசனைபோல உரக்கச் சொன்னார். அப்படியானால் செராமிக் டிஸ்குக்கு என்று தனிப் பேட் விற்கிறார்களே, விலை அதிகமானது, அதைக் கொடுங்கள் என்றார் அத்தான். அவர் வண்டியில் இருந்தது இரும்பு டிஸ்க். தன் வண்டியில் என்ன இருக்கிறது என்பதை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். முதலாளி இருமிச் சமாளித்தார்.

கடைசியில் அவளே போய், இரும்பு டிஸ்குக்கு ஏற்ற, சாலையில் ஓட்டுகிற செராமிக் பேட் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். காலையில் குளிர்ந்து கிடக்கும்போதே பிடிக்கும், கிறீச்சிடாது, சக்கரத்தில் கறுப்புத் தூசி படியாது என்று முதலாளி அதன் குணங்களைச் சொன்னார். அத்தானின் காதில் விழுந்தது தூசி மட்டும்தான். அவருடைய சக்கரங்கள் வெள்ளை.

"இதத்தான நான் முதல்லயே சொன்னேன்," என்றார்.

காருக்குள் உட்கார்ந்தபடியே அக்கா தலையாட்டினாள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அக்காவின் ஒரே பல்லவி.

அவள் வேலையில் இறங்கினாள். சக்கரத்தைக் கழற்றினாள். பழைய பேடை உருவி, அதை அழுத்தும் பிஸ்டன்களை ஒரே சீராக உள்ளே தள்ளினாள். டிஸ்கின் கனத்தை நான்கு இடத்தில் அளந்தாள். பேட் உட்காரும் இடத்தைப் பிரஷ் போட்டுத் துருநீக்கினாள். கிரீஸை ஊசிமுனை அளவுக்குத் தொட்டு, உரசும் பக்கத்தில் ஒரு துளியும் படாமல் பின்பக்க ஓரத்தில் மட்டும் தடவினாள். எல்லாம் முடிந்து, பெடல் கல்லாக நிற்கும்வரை மிதித்துப் பார்த்தாள்.

புதுப் பேடை டிஸ்கோடு பழக்கும் வேலை மட்டும் பாக்கி. அதைப் பணிமனைக்காரர்கள்தான் ஓட்டிச் செய்வார்கள். அத்தான் சாவியைக் கொடுக்கவில்லை. தன் வண்டியை வேறு யாரும் தொடக்கூடாதாம். வேறு வழியில்லாமல் அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். எண்பதிலிருந்து இருபதுக்குப் பத்து முறை வேகத்தைக் குறைக்கவும், எந்த முறையும் முழுதாக நிறுத்தக்கூடாது, பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடவும். 'நிறுத்தக்கூடாது' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். அத்தான் அந்தத் தாளால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கிளம்பினார்.

மறுநாள் காலை அக்காவையும் ஏற்றிக்கொண்டு கார் திரும்பி வந்தது. பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் காய்ச்சல் வந்ததுபோல நடுங்குகிறதாம். அத்தான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அரைகுறைகளை வைத்து வேலை வாங்கினால் இப்படித்தான் ஆகும் என்றார். வேலை பார்த்த மற்ற மூன்று பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முதலாளி சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். டிஸ்கின் பளபளப்பில் ஓரிடத்தில் மட்டும் கரும்படலம் இருந்தது. பேடின் நீளம், பேடின் அகலம், பேடின் வளைவு. முத்திரை குத்தியதுபோல.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அத்தானிடம் அவள் இதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. ஆனாலும் சொன்னாள்.

"சூடா இருக்கும்போது பெடல மிதிச்சபடியே நின்னிருக்கீங்க அத்தான். பேட் அங்கயே ஒட்டிருச்சு."

அத்தான் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, பூனைக்கு வாய் வந்துருச்சு. பத்து தடவ, எழுதிக் குடுத்தபடியே பண்ணேன். எங்கயும் நிக்கல. என் வீட்டுக்காரிய வேணா கேளுங்க, பக்கத்துலதான் இருந்தா."

முதலாளி யாரையும் கேட்கவில்லை. டிஸ்க் சொன்னது அவருக்கும் புரிந்தது. ஆனால் டிஸ்க் நாளைக்கு இன்னொரு காரைக் கூட்டிக்கொண்டு வராது, அத்தான் கூட்டிக்கொண்டு வருவார். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பலகையிடம் போனார்.

"மனசுல வச்சுக்காதம்மா. ஒரு வருஷம் கழுவு. அப்புறம் பாக்கலாம்."

துணி முதல் எழுத்தின் மேல் போனது. அவள் கையுறையைக் கழற்றத் தொடங்கினாள். ஒரு வருடம் என்றால் மூன்று வருடம் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் அக்கா காரிலிருந்து இறங்கினாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடி, முதலாளியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

நேற்று அக்கா இறங்கி நின்று எடுத்த படம்: அவர்கள் குடியிருப்பின் வாசல். காவலாளியும் பந்தும் கையுமாக மூன்று பிள்ளைகளும் நிற்கிறார்கள். கார் பாய்ந்து வந்து கேட்டுக்கு முன்னால் குத்திட்டு நிற்கிறது. முன்சக்கரத்திலிருந்து புகை எழும்புகிறது. உள்ளேயிருந்து அத்தானின் குரல் கேட்கிறது: "கிட்ட வந்து எடு. சக்கரத்த எடு. புகை நல்லா தெரியணும், நான் பெடல விடல." படம் ஒன்றரை நிமிடம் ஓடியது. ஒன்றரை நிமிடமும் அவர் பெடலை விடவில்லை. காவலாளியைக் கைதட்ட வேறு சொன்னார்.

பிரேக் வேலைக்காரர்களில் ஒருவர் மூக்கால் சிரித்தார். அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. "அது பத்தும் முடிஞ்சப்புறம்," என்றார். "அது கணக்குல வராது."

பதினோராவது பிரேக் கணக்கில் வராதாம். முதலாளி இந்த முறை இருமவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, சாக்பீஸ் தேடி, அழிந்த 'பூ'வை மறுபடி எழுதினார். முன்பு இருந்ததைவிடக் கோணலாக வந்தது.

"டிஸ்கத் தேச்சு எடுத்துரு," என்று அவளிடம் சொன்னார். "பழக்குறதுக்கு நீயே ஓட்டு. சார் சாவிய வச்சுட்டுப் போவாரு."

சாவி மேஜைக்கு வர வெகுநேரம் ஆனது. அவள் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் அக்காவிடம், நல்ல காரியம் பண்ணினாய், வீட்டுக்கு வா பேசிக்கொள்கிறேன், இப்போதைக்கு ஒரு டாக்சி பிடி என்றார்.

அக்கா பையைத் தோளில் மாட்டினாள். திறந்து கிடந்த கார்க் கதவைச் சுற்றிக்கொண்டு, அத்தானையும் சுற்றிக்கொண்டு, டாக்சி நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்து போனாள்.