பிரதமையன்று பாடம் இல்லை

என் வீட்டுக்காரர் ரவிச்சந்திரன் கல்பாக்கத்தில் உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவர். ஒன்றரை வருஷமாக வேதம் படிக்கிறார். தினம் காலையில் செங்கல்பட்டில் பஸ் ஏறி மதுராந்தகத்து வாத்தியாரிடம் போவார். வாத்தியார் ஒரு தரம் சொல்ல, படிக்கிறவர்கள் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தும் அதே முழக்கம்தான்.

முழங்கட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஒரே பெண் ரோகிணி, ஜெபசிங்கைக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. "அவகிட்ட பேசினா நான் செத்துட்டேன்னு வெச்சுக்கோ" என்று இவர் சொல்லிவிட்டார். நாலு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன். பெத்த வயிறு எரிகிறது, யாரிடம் சொல்ல?

போன அஷ்டமியன்று காய்கறிக் கடையில் கேசவனைப் பார்த்தேன். இவரோடு கூடப் படிப்பவர்.

"என்ன, பாடத்துக்குப் போகலையா?"

"அஷ்டமி, பிரதமையில எல்லாம் வேதம் சொல்லித்தர மாட்டாளே மாமி. எப்பவும் லீவுதான். மாமா சொல்லலையா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்று காலையில்தான் "வாத்தியாருக்கு" என்று ஒரு டப்பா பருப்புப்பொடி எடுத்துக்கொண்டு போயிருந்தார். மத்தியானம் வந்து, "இன்னிக்கு நல்ல பாடம்" என்றார். கூசாமல்!

அறுபத்திரண்டு வயசு. எந்தச் சிறுக்கி என் பருப்புப்பொடியைப் பிசைந்து தின்கிறாளோ! ராத்திரி முழுக்க அவளைத் திட்டித் தீர்த்தேன். அமாவாசையன்று தர்ப்பணம் செய்துவிட்டு மனுஷன் வீட்டில் இருந்தார். மறுநாள் பிரதமை. ஆறரைக்குப் புறப்பட்டார், பின்னாலேயே நானும் புறப்பட்டேன்.

மதுராந்தகம் பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினார். நான் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பின்பக்கம் ஏறினேன். இவர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாச்சு!

"எங்கம்மா போவணும்?" என்றார் கண்டக்டர்.

"முன்னாடி நீலச் சட்டை உக்காந்திருக்கே, அது எங்க எறங்கறதோ அங்க."

"அது இன்னா ஸ்டாப்புமா? காலங்காத்தால பேஜாரா கீதே!"

மாமல்லபுரத்தில் இறங்கி, சிற்பக் கூடங்களைத் தாண்டி ஒரு சந்துக்குள் நுழைந்தார். மூணாவது வீட்டுக் கதவைத் தட்டினார். வளையல் போட்ட கை ஒன்று டப்பாவை வாங்கியது. "நில்லுடீ!" என்று ஓடினேன்.

ரோகிணி! இளைத்துப் போயிருந்தாள். திட்ட வந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா! கோபம் தீர்ந்துடுத்தா?" என்று அழுதாள். "வந்து பாக்கறேன்னு எத்தனை தடவை கேட்டேன்! உனக்குத்தான் என் மூஞ்சியில முழிக்கவே பிடிக்கலைன்னு அப்பா சொன்னாரே."

நான் இவரைப் பார்த்தேன். இவர் செருப்பைப் பார்த்தார்.

"சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்க வெக்கமா இருந்தது, பார்வதம்."

ஆகா! இவர் வெக்கத்துக்கு என் நாலு வருஷமா?

"இப்படி உக்காருங்கோ" என்றேன். "இன்னிக்கு வாத்தியார் நான். ஒரு தரம் சொல்வேன், நீங்க அவளைப் பார்த்து ரெண்டு தரம் சொல்லணும். 'கோபம் எனக்குத்தான், உங்கம்மாவுக்கு இல்லை.'"

"கோபம் எனக்குத்தான்..." குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வழியாக முழுசும் சொன்னார். ரோகிணி, "போதும்மா, விடேன்" என்றாள்.

"இன்னும் ஒரு தரம் பாக்கி இருக்கு" என்றேன்.