திருப்பித் தட்டியது

மூன்றாவது முறை மருந்து ஏற்றிய பிறகு பல்லவிக்கு வாய் முழுக்கப் புண் வந்தது. எச்சில் விழுங்கவே கண்ணில் நீர் வரும். பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு வயது பதினாறு. பெங்களூர் மருத்துவமனையில் மருந்து ஏற்றுவார்கள். சில நாள் வைத்திருந்து தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துக்கு அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் யாரும் அவள் அருகில் தும்மக்கூடக் கூடாது. சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் உள்ளறையை அவளுக்காக ஒழித்தார்கள். காலண்டரையும் திரையையும்கூட எடுத்துவிட்டார்கள். கட்டிலும் ஒரு ஸ்டூலும் மிஞ்சின.

டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். குளிர் நடுக்கம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். பெங்களூர் வரும்வரை காத்திருக்கக் கூடாது. பக்கத்திலிருந்த ராபர்ட்சன்பேட்டை நர்சிங் ஹோமுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா ராதிகா அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டி வைத்தாள்.

பேச முடியாதவள் எப்படிக் கூப்பிடுவாள் என்று கேள்வி வந்தபோது அப்பா மனோகர்தான் வழி சொன்னான்.

"தட்டு பாப்பா. கேஜுக்கு பெல் அடிக்கிற மாதிரி."

அவனுடைய அப்பா இருபத்தாறு வருடம் சுரங்கத்துக்குள் இறங்கியவர். ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுதான் கேஜ். கீழே இருப்பவன் இத்தனை பெல் என்று அடித்தால், மேலே இருப்பவன் அதே எண்ணிக்கையைத் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி அடிக்காமல் கேஜ் நகராது. அந்த லைன் வீட்டு வரிசையில் வளர்ந்த எல்லோருக்கும் இது தெரியும்.

"ஒண்ணு தண்ணி. ரெண்டு பக்கெட்டு. மூணு வா. அஞ்சு ஆபத்து."

"நாலு?" என்றாள் ராதிகா.

"நாலு வேணாம். அஞ்சும் நாலும் கொழம்பிடும்."

"குடியாத்தத்துலேந்து வாக்கப்பட்டு வந்ததுக்கு எனக்கு இதுவும் வேணும்."

"முக்கியமானது இன்னான்னா, கேட்டவங்க திருப்பித் தட்டணும். அப்பதான் கேட்டாங்கன்னு அர்த்தம். அவ சும்மா படுத்திருக்கலாம்."

உள்ளறையும் சமையலறையும் ஒரே நீளச் சுவரை ஒட்டியிருந்தன. பல்லவி எவர்சில்வர் டம்ளரால் தட்டுவாள். ராதிகா கரண்டிக் காம்பால் சமையலறையிலிருந்து திருப்பித் தட்டுவாள். இரண்டு நாளில் அது பழகிவிட்டது. ஒருமுறை பல்லவி ஒன்பது தட்டினாள். ராதிகா ஓடிப் போய்ப் பார்த்தால், புண்ணான வாயோடு சிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீடு. அங்கே இருந்த பக்தவச்சலம் இறந்து ஆறு வருடம். அதன் பிறகு யாரும் குடிவரவில்லை. அவர் மகள் நளினி ஓசூரில் இருந்தாள். சாவி எதிர்வரிசை கிருஷ்ணம்மாவிடம் இருந்தது.

அது பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை. மனோகர் வழக்கம்போல் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தான். மதியம் ஒரு மணிக்கு ராதிகா பல்லவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. குடிதண்ணீர் கேன் காலியாக இருந்தது. ஸ்டேஷன் பக்கம் இருக்கிற தண்ணீர் இயந்திரத்துக்குப் போய் வர பத்து நிமிடம் ஆகும். பல்லவி தூங்கிக்கொண்டிருந்தாள். ராதிகா கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கேன் பாதி நிறைந்தபோது கரண்ட் போனது. இதோ வந்துவிடும் என்றார்கள். அவள் நின்றாள்.

திரும்பி வந்தபோது மணி இரண்டேகால்.

பல்லவி கட்டிலில் சுருண்டு கிடந்தாள். பற்கள் அடித்துக்கொண்டன. கட்டிலே ஆடியது. தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியது. ராதிகா வாசல் ஆணியிலிருந்து உறையை எடுத்தாள். கிருஷ்ணம்மா தெருவில் இறங்கி ஒரு ஆட்டோவை மறித்தாள்.

நர்சிங் ஹோமில் ஊசி போட்டார்கள். டாக்டர் ஓர் இளம்பெண். கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"நடுக்கம் எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது?"

ராதிகா வாயைத் திறக்கும் முன் பல்லவி கையை நீட்டினாள். பேனா கொடுத்தார்கள். கடிதத்தின் பின்பக்கம் எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

ஒன்று இருபது. ஐந்து தட்டினேன். அம்மா ஐந்து திருப்பித் தட்டினாங்க.

டாக்டர் அதைப் படித்துவிட்டு ராதிகாவைப் பார்த்தாள்.

"நீங்க கேட்டீங்களா?"

பல்லவியும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போன் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பதில் வந்துவிட்டதால் அவள் அதைத் தொடவில்லை. அம்மா வருவாள் என்று படுத்திருந்தாள்.

நான் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று ராதிகாவுக்குத் தெரிந்தது. அந்தக் கேள்வியோடு இந்தப் பெண்ணை ஆம்புலன்ஸில் ஏற்ற முடியாது.

"ஆமா," என்றாள். "நான்தான்."

பல்லவி கண்ணை மூடிக்கொண்டாள்.

பெங்களூரில் ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். இரண்டாம் நாள் ரத்த அழுத்தம் விழுந்தது. மூன்றாம் நாள் ஏறியது. மனோகர் வராந்தாவில் ராதிகாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டான்.

"கேட்டுட்டு ஏன் ராதி ஒரு மணி நேரம்?"

"நான் தண்ணிக்குப் போய்ட்டேன். வீட்லயே இல்ல."

"அப்போ தட்டினது?"

"தெரியாதுங்க."

காய்ச்சல் வேகத்தில் பல்லவிக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்று அவன் சொல்வான் என ராதிகா எதிர்பார்த்தாள். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தன தட்டு திரும்பி வந்துது?" என்றான்.

"அஞ்சு."

"சரியா அஞ்சா?"

"அஞ்சுன்னுதான் எழுதினா."

அவன் தலையை ஆட்டினான்.

அடுத்த நாள் துணி எடுக்க ஊருக்கு வந்தவன் கிருஷ்ணம்மாவிடம் பக்கத்து வீட்டுச் சாவியைக் கேட்டான். எதற்கென்றும் சொன்னான். கிருஷ்ணம்மா கூடவே வந்தாள்.

"பக்தவச்சலமா? உசுரோட இருக்கச்சே நாலு வாட்டி கூப்ட்டாலும் இன்னான்னு கேக்க மாட்டான் அந்த ஆளு. செத்தப்புறம் பதில் சொல்றானா?"

"அவரு சுரங்க ஷாஃப்ட் வாசல்ல கேஜுக்கு பெல் அடிக்கிற ஆளுதானே அக்கா?"

கிருஷ்ணம்மா பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். சாவி பாதியில் நின்றது.

"அது வேற," என்றாள்.

கதவு திறந்தது. தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுத் தூள் ஆறு வருடமாகக் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து படிந்திருந்தது. தரை முழுக்க சலித்த மாவு போல ஒரே சமமாக, வெளுப்பாக இருந்தது. கால் தடம் எதுவும் இல்லை. எலி ஓடிய கோடு, பல்லியின் வால் தடம், அதுகூட இல்லை. மனோகர் உள்ளே கால் வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே தன் வீட்டை ஒட்டிய சுவரைப் பார்த்தான். சுவரில் ஒரு கீறலும் இல்லை.

"பூட்டிடு அக்கா."

"பாத்தியா, ஒண்ணும் இல்ல."

"அதான் அக்கா."

அவன் வீட்டுக்குள் போய் பல்லவியின் கட்டிலை எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போட்டான்.

பல்லவி திரும்பி வந்ததும் கட்டிலைப் பார்த்து ஏன் என்று சைகையில் கேட்டாள்.

"அந்தப் பக்கம் சுண்ணாம்பு உதிருது," என்றான் மனோகர்.

வாய்ப்புண் ஆறியது. பேச்சு வந்தது. டம்ளர் ஸ்டூல் மேலேயே இருந்தது. அவள் அதில் தண்ணீர் குடித்தாள். தட்டவில்லை. அம்மாவைக் கூப்பிடவும் இல்லை.

ராதிகாவுக்கு முதலில் புரியவில்லை. ஒருநாள் மதியம் அடுப்படியில் நின்றிருந்தபோது மனோகர் பெங்களூரிலிருந்து போன் செய்தான்.

"பாப்பாவுக்கு வாந்தி வர்ற மாதிரி கீதாம். பக்கெட்டு குடு."

உள்ளறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒன்பது அடி. ராதிகா பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"நான் இங்கதானே பாப்பா நிக்கிறேன்."

"நீ வேலையா இருப்பேன்னு அப்பாகிட்ட சொன்னேன்."

"சொல்லக் கூடாதா எங்கிட்ட?"

பல்லவி பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சும்னே விடும்மா."

அதன் பிறகு அப்படியேதான் நடந்தது. தண்ணீர், போர்வை, மாத்திரை எல்லாமே நூறு கிலோமீட்டர் போய் வந்தன. அலுவலகத்தில் மனோகரைக் கேலி செய்தார்கள். வீட்டில் ராதிகா ஊற்றியதைப் பல்லவி குடித்தாள், போட்டதைச் சாப்பிட்டாள், தேங்க்ஸ் என்றாள். முன்பெல்லாம் அவள் வீட்டில் தேங்க்ஸ் சொன்னதே இல்லை.

"உண்மைய சொல்லிடேன்," என்றான் மனோகர்.

"சொன்னா அந்த ரூம்ல தூங்குவாளா?"

ராதிகா குரலைத் தாழ்த்தினாள்.

"எம்மேல கோவமா இருக்கட்டும். பயப்பட வேணாம்."

ஏப்ரலில் கடைசி பெரிய மருந்து முடிந்தது. மே மாதம் ரத்த அணுக்கள் ஏறின. ஏறிய எண்ணிக்கை இறங்கவில்லை. இனி இரண்டு வருடம் மாத்திரை, மாதம் ஒருமுறை பரிசோதனை என்றார் டாக்டர். ஜூலையில் கல்லூரிக்குப் போகலாம் என்றார். காலண்டரையும் திரையையும் ராதிகா மறுபடி மாட்டினாள்.

தலையில் முடி முளைக்கத் தொடங்கியது. பூனை முதுகு போல மென்மையாக இருந்தது. எண்ணெய் தேய்க்கலாமா என்று ராதிகா கேட்டாள். பல்லவி தோளைக் குலுக்கினாள். சம்மதம் என்று ராதிகா எடுத்துக்கொண்டாள்.

ஜூன் கடைசி வாரம், மதியம் இரண்டு மணி இருக்கும். வெளியே காற்று மேட்டுத் தூளை அள்ளிக்கொண்டு போனது. ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். பல்லவி கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராதிகா அவள் பின்னால் நின்று, இரண்டு கையாலும் தலையில் எண்ணெய் தேய்த்தாள். மண்டையோட்டின் வடிவம் உள்ளங்கையில் தெரிந்தது. அவளைப் பெற்ற அன்று தொட்ட அதே தலை.

பக்கத்து வீட்டுச் சுவரில் சத்தம் கேட்டது.

மூன்று தட்டு. ஓங்கி இல்லை. இடைவெளி சரியாக இருந்தது.

ராதிகாவின் விரல்கள் நின்றன. பல்லவி மெதுவாகத் தலையைத் தூக்கி, தன் தலைமேல் இருந்த கைகளைத் தொட்டாள். ஒன்று. இன்னொன்று. இரண்டும் இருந்தன.

"அப்பா வேலைக்குப் போய்ட்டாரில்ல?"

"காலைலயே."

"பக்கத்துல யாராச்சும் குடி வந்துகிறாங்களா?"

"இல்ல பாப்பா."

பல்லவி சுவரைப் பார்த்தாள். அதில் சுண்ணாம்பு எங்கும் உதிரவில்லை. அதையும் பார்த்தாள்.

"அன்னிக்கி நீ இல்ல," என்றாள்.

"நான் இல்ல. தண்ணி புடிக்கப் போனேன். கரண்ட் போயி நின்னுட்டேன்."

"அப்போ நீ கேக்கல."

"கேக்கல."

"ஆமான்னு ஏன் சொன்னே?"

"வேற இன்னா சொல்றது உங்கிட்ட?"

பல்லவி போனை மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள். "நீ கேட்டுட்டு, கொழம்ப எறக்கிட்டு போலாம்னு நின்னுட்டேன்னு நெனச்சினு இருந்தேன். இத்தன நாளா."

"கேட்டிருந்தா கொழம்பு இன்னிக்கும் அடுப்புலயே இருக்கும்."

பல்லவியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னால் நின்றவளுக்குத் தெரியவில்லை. தலை பின்னால் சாய்ந்து அம்மாவின் வயிற்றில் பதிந்தது. புடவையில் எண்ணெய்க் கறை பரவியது.

மறுபடி தட்டியது. மூன்று.

மூன்று என்றால் வா.

பல்லவியின் கை ஸ்டூலுக்குப் போனது. பழக்கம். டம்ளரை எடுத்துவிட்டாள். கட்டிலை ஒட்டிய சுவரை நோக்கிக் கை உயர்ந்தபோது ராதிகா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ணெயில் பிடி வழுக்கியது. இன்னும் இறுக்கினாள்.

"வேணாம்."

"கேட்டவங்க திருப்பித் தட்டணும்னு அப்பா சொன்னாரே."

"தட்டலன்னா கேஜ் நகராது. அதையும் அவர்தான் சொன்னாரு."

இருவரும் அசையவில்லை. போன் திரை தானாக அணைந்தது. வெளியே காற்று நின்றிருந்தது.

மூன்று.

பல்லவி டம்ளரை மெத்தைமேல் வைத்தாள். ஸ்டூலில் வைத்தால் சத்தம் கேட்கும்.