குழந்தை நலனை முன்னிட்டு முன்பள்ளிக்கு விடுமுறை

ஒரு குழந்தையின் முதல் ஐந்து ஆண்டுகளில் செய்யப்படும் முதலீடே ஒரு தேசத்தின் அழியாச் செல்வம். இந்த வாசகம் மல்லாவிக்கு அப்பாலுள்ள முன்பள்ளியின் வாசலில் பெரிய பதாகையாகக் கட்டப்பட்டிருந்தது. அதன் காரணமாக அன்று பிள்ளைகள் உள்ளே போக முடியவில்லை.

அந்த ஊர்ப் பிள்ளைகளின் நலன் பற்றிச் செய்த ஆய்வின் முடிவுகளை வெளியிடக் கொழும்பிலிருந்து ஆய்வாளர் கலாநிதி கிருசாந்தன் வருகிறார். கூட்டம் முன்பள்ளியில், ஆகவே பிள்ளைகளுக்கு விடுமுறை. முன்பள்ளியின் படலை வாசலுக்கு வந்த பிறகுதான் ஜெயரூபிக்கு இது தெரிந்தது. இடுப்பில் மகள் கனுசிகா, தோளில் சோற்றுப் பை. நிலக்கடலைத் தோட்டத்தில் கச்சான் பிடுங்கும் பெண்களை ஏற்றப் பாலனின் உழவு இயந்திரம் சந்தியில் உறுமிக்கொண்டு நின்றது.

தோட்டம் தயாபரனுடையது. பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவருடைய சட்டம். பிடுங்குவதைவிடத் தின்பது கூடிவிடுமாம். வராமல் நின்றாலோ அந்த இடத்துக்கு வேறு ஆள். போன போகம் கனுசிகாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஜெயரூபி ஒரு நாள் நின்றுவிட்டாள். மறுநாள் உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் அவளுடைய இடத்தில் வேறொருத்தி இருந்தாள். அந்த அறுவடை முடியும்வரை ஜெயரூபிக்கு வேலை இல்லை.

"ரீச்சர், இவளை ஒரு மூலையில இருத்திவிடுங்கோவன். சத்தம் போடமாட்டாள்."

ஆசிரியை விமலேஸ்வரி பதாகையின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார். "என்ர கையில இல்லை, ஜெயரூபி. பூட்டச் சொன்னதே நிர்வாகத் தலைவர்தான்."

முன்பள்ளியின் நிர்வாகத் தலைவரும் தயாபரன்தான். இரவு பெய்த மழையில் மண் இளகியிருந்தது. கச்சான் பிடுங்க அதைவிட நல்ல நாள் கிடையாது. தன் தோட்டத்தில் குனிகிறவர்கள் முக்கால்வாசியும் இந்தப் பிள்ளைகளின் தாய்மார் என்பது, விடுமுறை விட்டபோது அவருடைய நினைவுக்கு வரவில்லை.

பெட்டியில் ஏற்கெனவே ஏறி இருந்த பேச்சியம்மா, கீழே பிள்ளைகளோடு முழித்துக்கொண்டு நின்ற தாய்மாரைப் பார்த்தாள்.

"முதலாளி இண்டைக்கு மாலையும் கழுத்துமா அங்க இருக்கப்போறார். தோட்டத்தில ஆர் பாக்கிறது? தூக்கிப் போடுங்கோடி எல்லாத்தையும்."

பாலன் வாய் திறப்பதற்குள் பெட்டி நிறைந்துவிட்டது. முன்பள்ளியில் படித்த பாட்டெல்லாம் தோட்டம் வரைக்கும் கேட்டது.

முன்பள்ளியில் வேறொரு சிக்கல். ஊரின் பெரிய கதிரைகள் எல்லாம் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தன. பிரமுகர்கள் பிள்ளைகளின் கதிரைகளில் அமர்ந்தார்கள். முழங்கால்கள் நாடியோடு முட்டின. மாலைகள் நிலத்தைக் கூட்டின. தயாபரன் கைப்பிடி வைத்த சிவப்புக் கதிரை ஒன்றைத் தெரிந்தெடுத்து, பட்டு வேட்டியைச் சரிசெய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதனுள் இறங்கினார்.

கலாநிதி திரையில் படம் போட்டு விளக்கினார். பிள்ளைக்குப் போடுவது வீண் போகாது, பல மடங்காகத் திரும்பி வரும். விளையாட்டு வேண்டும், சத்தான உணவு வேண்டும், தாயின் அருகாமை வேண்டும். எல்லாவற்றுக்கும் தயாபரன் ஆழமாகத் தலையசைத்தார். கடைசியில் புகைப்படத்துக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள்.

"பிள்ளையள் எங்க?" என்று கலாநிதி கேட்டார்.

"தலைவரின்ர கச்சான் தோட்டத்தில," என்றார் விமலேஸ்வரி.

கலாநிதியின் முகம் மாறியது. தயாபரன் விளக்கம் சொல்ல அவசரமாக எழுந்தார். கதிரையும் எழுந்தது. இரண்டு பேர் பிடித்து இழுத்ததில், அது ஒரு காலை இழந்து அவரை விட்டது.

வாகனங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளைகள் சுட்ட கச்சானைச் சுற்றி இருந்தார்கள். வாயெல்லாம் கரி. சிலர் ஈர மண்ணில் உருண்டார்கள். தாய்மார் பகிடி விட்டுச் சிரித்தபடி பாதித் தோட்டத்தைப் பிடுங்கி முடித்திருந்தார்கள். தயாபரனைக் கண்டதும் ஜெயரூபி பிடுங்கிய செடியோடு நிமிர்ந்தாள். இந்தப் போகமும் போச்சு என்று நினைத்தாள்.

கலாநிதி சுற்றிலும் பார்த்தார். "விளையாட்டு இருக்கு, சாப்பாடு இருக்கு, தாய்மாரும் பக்கத்தில. நல்ல ஏற்பாடு. இது ஆரின்ர யோசனை?"

தயாபரன் தொண்டையைச் செருமினார். "நான்தான் பிள்ளையளையும் கொண்டுவரச் சொன்னனான்."

"ஓம் ஐயா," என்றாள் பேச்சியம்மா. "பிள்ளைக்குக் காய்ச்சல் வருத்தமெண்டு நிண்டாலும் இனி ஆளை மாத்தமாட்டாராம்."

கலாநிதி அதையும் குறித்துக்கொண்டு, உறுதிப்படுத்துவதற்காகத் தயாபரனைப் பார்த்தார். தயாபரன் தலையசைக்க வேண்டியதாயிற்று. சிரிப்பை மறைக்க ஜெயரூபி மறுபடி குனிந்தாள். கனுசிகா கொடுத்த சுட்ட கச்சானை வாங்கித் தின்ற கலாநிதிக்கும் உதட்டில் கரி பிடித்தது.

அடுத்த கிழமை கலாநிதியிடமிருந்து முன்பள்ளிக்குச் சட்டம் போட்ட புகைப்படம் ஒன்று வந்தது. கச்சான் தோட்டத்தில் தயாபரன், மடியில் கரி வாயோடு கனுசிகா. அது சுவரில் மாட்டப்பட்டது. உடைந்த கதிரைக்குப் பதில் கதிரை வரவில்லை.

அது கனுசிகா வழமையாக இருக்கிற கதிரை. அவள் இப்போது படத்துக்குக் கீழே நின்றுகொண்டு படிக்கிறாள்.