பதினோரு மணிக் காற்று

“யாரக் கேட்டு பாஸ்வேர்ட மாத்துன, உமா? அஞ்சு வருசமா ஒங்க அம்மா குடுத்து வச்சது. ஒரே நாள்ல நான் திருடியாயிட்டேனா?”

“திருடின்னு யாருங்க சொன்னா, பாய்ம்மா? பதினோரு மணிக்கு மேல என் ஸ்கிரீன் நின்னு போவுது. ஒங்க வீட்ல வீடியோ ஓடுனா என் வேலை எப்படி ஓடும்?”

“எம்மவன் துபாய்லேர்ந்து பேசுறதே சாயங்காலம் மகரிபு தொழுகைக்கு அப்பறம். பகல்ல இங்க ஓடுறது கிரைண்டர்தான். அதுக்கும் ஒன் நெட்டுதான் வேணுமா?”

கடல் பக்கத்து ஊரான தலத்தெருவில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொல்லைச் சுவர் அது. இந்தப் பக்கம் உமாமகேஸ்வரி, அந்தப் பக்கம் ஆஸியா பீவி. உமா பாதியிலேயே மாடிக்கு ஏறிவிட்டாள். தெருவுக்கே ஏமாற்றம்.

அவளுக்குச் சண்டை போட நேரமில்லை. சென்னை ஆபீசில் இருக்கும் கம்ப்யூட்டரை இங்கே மாடியில் உட்கார்ந்து லேப்டாப் வழியாக இயக்குவதுதான் அவள் வேலை. காலையில் அது சொன்னபடி கேட்கும். பதினோரு மணி தாண்டினால் ‘க’ என்று தட்டிவிட்டு ஒரு வாய் காப்பி குடித்த பிறகுதான் திரையில் ‘க’ வரும். அதற்கப்புறம் அதுவும் வராது. ‘மீண்டும் இணைக்கிறது’ என்று ஒரு வட்டம் சுற்றும். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வாடிக்கையாளர் முன்னால் வேலையை இயக்கிக் காட்ட வேண்டும், அன்றும் வட்டம் சுற்றினால் ஒன்றாம் தேதி பெட்டியோடு சென்னைக்கு வா என்று மேனேஜர் சொல்லியிருந்தார். முப்பது வயதுவரை அம்மா கையால் மாடிக்கே மோர் வந்து பழகியவள், ஹாஸ்டல் சாம்பாரை நினைத்தே இளைத்துப்போனாள்.

ஆபீசில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அஷ்வின் தினமும் போனில் வைத்தியம் பார்த்தான். பின்னணிப் படத்தை எடுக்கச் சொன்னான். கலரைக் குறைக்கச் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது தொற்றிக்கொண்டிருப்பார்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றதும் அவன்தான்.

“ரவுட்டர் எங்க இருக்குங்க?” என்று ஒருநாள் கேட்டான்.

“கீழ, அப்பா ரூம்ல. பத்திரமா இருக்கு.”

அதோடு விட்டுவிட்டு, மதியம் என்ன சாப்பாடு என்று கேட்கப் போய்விட்டான். அதற்கு மட்டும் நாற்பது நிமிடம்.

வெள்ளிக்கிழமை வந்தது. பதினொன்றரைக்குத் திரை உறைந்தது. உமா பதற்றத்தில் ஒரே பொத்தானைப் பதினேழு தடவை அழுத்தினாள். பதினேழும் சேர்ந்து ஒரே மூச்சில் சென்னை போய்ச் சேர, வாடிக்கையாளர் கண்ணெதிரே ஒரே ஜன்னல் பதினேழு முறை திறந்தது. மேனேஜர் “ஒன்றாம் தேதி பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

கொல்லையில் வந்து அழுதவளைச் சுவருக்கு மேலே ஒரு தலை பார்த்தது.

“இன்னிக்கும் போச்சா?” என்றாள் ஆஸியா பீவி. “கடக்காத்து எழும்புனதும் ஒங்கப்பா பீரோவச் சாத்துவாரு. கிரீச்சுன்னு எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும். அடுத்த நிமிசம் நீ மாடியில ‘போச்சு’ன்னு கத்துவ. தெனமும் கேக்குறேன்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“பாஸ்வேர்ட மாத்துறப்ப என்னக் கேட்டியா நீ?”

உமா உள்ளே ஓடி அப்பாவின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கி இரும்பு பீரோவைத் திறந்தாள். பட்டுப்புடவைகளுக்கு நடுவே, பாலிதீன் உறைக்குள், ஆயுதபூஜைக் குங்குமம் கலையாமல் ரவுட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. பீரோவின் முதுகில் துளைபோட்டு ஒயரை உள்ளே விட்டிருந்தார் அப்பா சிவசுப்பிரமணியன்.

“உப்புக்காத்து மூணே வருஷத்துல டிவியத் தின்னுச்சு. இதப் பாரு, புதுசு மாதிரி இருக்கு” என்றார் பெருமையாக.

“கவர் போடச் சொன்னது நான்தான்” என்றாள் அம்மா சௌந்தரவல்லி, பங்கை விட்டுக்கொடுக்காமல்.

ஒன்றாம் தேதி உமா சென்னைக்குப் போனாள். அடுத்த தை மாதம் அம்பகரத்தூர் கோயிலில் அவளுக்கும் அஷ்வினுக்கும் கல்யாணம். வைத்தியம் பலிக்கவில்லை, வைத்தியர் பலித்தார் என்று தெரு பேசிக்கொண்டது. புதுப் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டுதான் ஆஸியா பீவி பந்திக்கே உட்கார்ந்தாள்.

இப்போதும் உமா மதியத்தில் வீடியோவில் கூப்பிட்டால் பாதிப் பேச்சில் அவள் முகம் உறைந்துவிடுகிறது. சிவசுப்பிரமணியன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, “சென்னையில நெட்டே சரியில்ல” என்கிறார்.