விட்டுப்போன கொம்பு

செவ்வாய்ப்பேட்டையில் கலீலுல்லாவின் மளிகை மண்டிக்கு மேலே நீளமான ஓர் அறை உண்டு. கீழே மிளகாய் மூட்டைகள் அடுக்கியிருப்பதால், மேலே வந்து உட்காருகிறவர்கள் முதல் கால் மணி நேரம் தும்முவார்கள். பிறகு பழகிவிடும். மாதத்தின் முதல் ஞாயிறு காலை நடுகல் நண்பர்கள் குழு கூடுவது அங்கேதான். சண்டையில் விழுந்தவனுக்கும் புலியைக் குத்தி மாண்டவனுக்கும் அந்தக் காலத்து ஊரார் நட்டுவைத்த கற்களைக் காடு மேடெல்லாம் அலைந்து தேடிப் படிப்பது அவர்கள் வேலை. பதினேழு வருடமாக இது நடக்கிறது. சரித்திரப் படம் ஏதாவது வெளியானால் மட்டும், அந்த மாதம் கற்களை ஒதுக்கிவிட்டுப் படத்தைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள்.

இந்த மாதம் அப்படி ஒரு படம் வந்திருந்தது. எல்லாரும் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

"ராணி கையில இருந்த ஓலையில எழுத்து தலைகீழா இருந்துச்சு. திருப்பிப் பிடிம்மான்னு சொல்லக்கூட அங்க ஒருத்தரும் இல்ல," என்றாள் தனப்பிரியா. ஆத்தூரில் வங்கி வேலை. குழுவில் வயது குறைந்தவள், கண் கூர்மை அதிகம்.

"அதை உடுங்க," என்றார் இனியன். திருச்செங்கோட்டுக்காரர், பள்ளியில் வரலாற்று ஆசிரியர், குழுவின் செயலாளர். "ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி வாசல்ல வரமிளகாய் காயுதுங்க. நம்ம பாய் மண்டியிலிருந்து போன சரக்கோ என்னமோ."

அறை சிரித்தது. வேறொரு மாதமாக இருந்தால் கலீலுல்லாவும், "போர்ச்சுகீசியன் மிளகாயைக் கப்பல்ல ஏத்தும் முன்னாடியே நான் கடை போட்டுட்டேன் சார்" என்று ஏதாவது சொல்லியிருப்பார். இன்று டீ டம்ளரின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஒரு பேச்சுக்காகக் காத்திருந்தார். ஓலையைச் சொன்னார்கள், மிளகாயைச் சொன்னார்கள், குதிரைச் சேணத்தைச் சொன்னார்கள், போர்வீரனின் முதுகில் தெரிந்த ஜிப்பைச் சொன்னார்கள். கடைசிக் காட்சியை யாராவது சொல்வார்கள் என்று பார்த்தார். ஒருவரும் சொல்லவில்லை.

அந்தப் படத்தில் எதிரிகள் துருக்கர்கள். கண்ணில் மை, கையில் எலும்போடு கறி. அதைப் பிய்த்துத் தின்னாமல் அவர்கள் ஒரு வசனம்கூடப் பேசவில்லை. சேலத்துச் சமவெளியில் ஓர் ஊரை அவர்கள் பிடிக்கிறார்கள். சாத்தன் என்ற வீரன் ஊரை மீட்டு உயிரை விடுகிறான். முடிவில் திரை இருண்டு ஒரு நிஜக் கல்லின் புகைப்படம் வருகிறது. வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எடுத்துக் காட்டிய பழைய வட்டெழுத்து. கீழே, இது நடந்த கதை என்று ஒரு வரி. தியேட்டரில் விசில் பறந்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஷிரீன் மெல்லக் கேட்டாள்: "இந்த ஓரத்துல கிடக்குறது உங்க நீலச் செருப்புதானே?"

அவருடைய செருப்புதான். மேச்சேரிப் பக்கம் ஒரு மேய்ச்சல் காட்டில், 2009இல், அந்தக் கல்லுக்குச் சுண்ணக்கட்டி வைத்ததும் அவர்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஷிரீன் எதுவும் கேட்கவில்லை. முப்பது வருடத்தில் அவருடைய மௌனத்துக்கு அவள் பழகியிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவர் மண்டியில் உட்கார்ந்து மனதுக்குள்ளேயே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். யாரை என்று அவருக்கே முழுதாகப் பிடிபடவில்லை.

"சரி, சந்தோஷமான சமாச்சாரத்துக்கு வரலாம்," என்று இனியன் எழுந்தார். "படத்தோட கடைசியில நம்ம குழு பேரைப் போட்டு நன்றின்னு காட்டினாங்க, பாத்திருப்பீங்க. நம்ம குழுவோட ஆண்டு மலர்ல வந்த கல்லு போட்டோவையும், எழுத்தைப் படிச்சு நாம போட்ட பாடத்தையும் நாந்தானுங்க அனுப்பிவெச்சேன். கல்லு இருக்கற காட்டுக்காரரு, மாதையன், இன்னிக்கு வந்திருக்காரு. வர்ற ஞாயித்துக்கெழமை ஊர்க்காரங்க சேர்ந்து அங்க பலகை வெக்கறாங்க. கல்லுல இருக்கற எழுத்து நல்லாத் தெரியோணும்னு மஞ்சள் பெயிண்ட் அடிக்கறாங்க. நாம எல்லாரும் போகோணும்."

வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்த மாதையன், தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். ஆடு வளர்க்கிறவர். அந்த ஊரில் பாதிப் பட்டிகள் அவருடைய பங்காளிகளுடையவை.

எல்லாரும் கை தட்டினார்கள்.

பெயிண்ட் என்ற சொல்லில் கலீலுல்லாவின் கட்டைவிரல் நின்றது. அந்தக் கல் மழையிலும் வெயிலிலும் தேய்ந்த கல். முதல் எழுத்து இருக்கும் இடத்தில் மயிரிழை அளவுதான் பள்ளம் மிச்சம். அதற்குள் எனாமல் இறங்கினால் அப்புறம் எந்தக் கொம்பனாலும் அதைப் படிக்க முடியாது. படத்தில் சொன்னதுதான் கல்லிலும் இருக்கும்.

"பெயிண்ட் அடிக்கக் கூடாது," என்றார்.

"ஏனுங்க பாய்?"

"அந்தப் பாடம் தப்பு. உங்களுக்கே தெரியும்."

அறையில் ஒருவர் தும்மினார். இனியன் சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டார். "பாடத்துல ரெண்டு கருத்து இருக்கறது சகஜந்தானுங்களே."

"ரெண்டு கருத்து இல்ல சார். எழுத்தோட வடிவம் ஒன்பதாம் நூற்றாண்டு. அப்ப இந்தப் பக்கம் துருக்கன் எங்க இருந்து வந்தான்? மிளகாய்க்கு முன்னாடியா, பின்னாடியா?"

யாரும் சிரிக்கவில்லை. இனியன் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கி, தழைந்து வந்தது.

"பாய், உங்க மனசு எனக்குப் புரியுதுங்க. படத்துல அப்படிக் காட்டுனது எனக்கும் சங்கடந்தான். ஆனா இப்ப நீங்க போயி இது தப்புன்னு சொன்னா, வெளிய இருக்கறவங்க என்னன்னு எடுத்துக்குவாங்க? கல்லைப் பத்திப் பேசறாருன்னா நெனைப்பாங்க? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கலீலுல்லா டம்ளரைக் கீழே வைத்தார். காது மடல் சுட்டது. பதினேழு வருடம் வெயிலில் தன்னோடு ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்த மனிதர். எத்தனை முட்காட்டில் தன் காலில் தைத்த முள்ளை உட்கார்ந்து பிடுங்கிவிட்டிருக்கிறார். கல்லைத் தவிர வேறு எதைப் பற்றியும் தனக்குப் பேச வராது என்று இந்த அறையில் மற்ற யாரையும்விட அதிகமாகத் தெரிந்தவர் அவர். தெரிந்தே சொல்கிறார். எழுந்து நாலு வார்த்தை கத்திவிடலாம் போலிருந்தது. கத்தினால் அதுவும் அவர் சொன்னபடியே ஆகிவிடும்.

கீழே யாரோ தராசில் மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது. தன் மௌனத்தை அவர் எப்போதும் ஒரு பண்பு என்று நினைத்திருந்தார். இப்போது அதற்குள் உட்கார்ந்து பார்க்கையில் அது பண்பாகத் தெரியவில்லை.

எழுந்து இரும்பு பீரோவைத் திறந்தார். மேல் தட்டில், பழைய துணியில் சுற்றிய காகிதச் சுருளை எடுத்தார். பெஞ்சில் விரித்து நான்கு மூலையிலும் டீ டம்ளர்களை வைத்தார். மைப்படி அது. கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, தட்டி, மை ஒற்றி எடுத்தது. கறுப்பில் எழுத்துகள் வெள்ளையாக நின்றன.

"இது 2014ல எடுத்தது," என்றார். "தனா, இங்க வாம்மா. முதல் எழுத்தை வாசி. இருக்கறதை மட்டும் வாசி."

தனப்பிரியா குனிந்தாள். விரலைத் தாளில் படாமல் நகர்த்தினாள். "கொம்பு இருக்கு. மெலிசா. அப்புறம் த. பக்கத்துல ஒரு கால்." நிமிர்ந்தாள். "தொ."

"அடுத்தது?"

"று. பெரிய று. தொறு." அவள் நிறுத்தாமல் மேலே படித்தாள். "தொறுக் கொள்ள மீட்டுப் பட்ட சாத்தன் கல்."

"மலர்ல என்ன இருக்கு?"

"துருக் கொள்ள. துருக்கர் கொள்ளன்னு விளக்கம்." அவள் இனியனைப் பார்த்தாள்.

"அந்தப் புகைப்படத்துல சுண்ணக்கட்டி வெச்சது நான்," என்றார் கலீலுல்லா. "அப்ப எனக்கு வட்டெழுத்து பாதிதான் தெரியும். கல்லைக் கழுவக்கூட இல்ல. கொம்பு கண்ணுல படலை. காலைத் தகரத்தோட இழுத்துச் சேர்த்து துன்னு ஆக்கிட்டேன். கண்ணுக்குத் தெரியாததைச் சுண்ணக்கட்டியால எழுதக் கூடாது. நான் எழுதினேன். ஆனா துறுன்னு, பெரிய று போட்டுத்தான் எழுதினேன். உங்களுக்குத் தந்த தாள்ல பக்கத்துல கேள்விக்குறியும் வெச்சேன். துறு என்னோட தப்பு. துரு உங்களோடது சார்."

இனியன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மைப்படியை உங்ககிட்டக் காட்டினேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில. அடுத்த மலர்ல திருத்திடலாம்னு சொன்னீங்க. அடுத்த மலர் வந்துச்சு, அதுக்கடுத்ததும் வந்துச்சு. நான் கேக்கல. கல்வெட்டு பாய்னு கூப்புடறீங்களே, அந்தப் பேர் போயிடுமோன்னு கேக்கல. படக்காரங்க கேட்டப்ப, தப்புன்னு தெரிஞ்ச பாடத்தை எடுத்து நீங்க அனுப்பினீங்க. எது நல்லா ஓடும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

"அப்படியெல்லாம் இல்லீங்க பாய்."

"அப்புறம் எப்படி?"

இனியன் தாளின் மூலையில் இருந்த டம்ளரை நேராக்கினார்.

வாசல் ஓரத்திலிருந்து மாதையன் எழுந்து வந்து பெஞ்சின் அருகே நின்றார். எழுத்தை அவரால் படிக்க முடியவில்லை. ஆனாலும் நேரம் எடுத்துப் பார்த்தார்.

"தொறுன்னா என்னங்க சாமி?"

"மந்தை. ஆடு மாடு. மந்தையை எவனோ ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான். சாத்தன் போய் அதை மீட்டு, அந்தச் சண்டையில செத்திருக்கான்."

"ஓட்டிக்கிட்டுப் போனது யாருங்க?"

"கல்லுல இல்ல. பக்கத்து ஊர்க்காரனாக்கூட இருக்கலாம்."

மாதையன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எங்க பட்டியில போன தையில நாலு உருப்படி களவு போச்சுங்க. அதுக்கே நாங்க ராவெல்லாம் முழிச்சுக் கெடந்தோம். இவன் உசுரையே உட்டிருக்கான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஊர்ல எல்லாருக்கும் அந்தப் படம் புடிச்சுப்போச்சுங்க. பெயிண்டு டப்பா என் ஊட்லதான் இருக்குது. நாஞ் சொன்னா கேக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழமை நீங்களே வந்து, இந்தத் தாளை விரிச்சு, உங்க வாயால சொல்லோணும். அதுவரைக்கும் டப்பாவை நான் எடுத்துக் குடுக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தன் பெயரைக் கேட்டதும் முதல் வரிசையில் என்ன முகங்கள் திரும்பும் என்று கலீலுல்லாவுக்குத் தெரியும். அதையும் அங்கே சொல்ல வேண்டும்: தப்பை முதலில் எழுதியது இந்தக் கை என்று.

"வர்றேன்," என்றார்.

பிறகு குழுவின் குறிப்பு நோட்டை எடுத்து இனியன் முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து நீட்டினார். "திருத்தம் எழுதுங்க. உங்க கையெழுத்துல."

இனியன் எழுதினார். துறு என்பது தவறான வாசிப்பு. சுண்ணக்கட்டி வைத்தவர் கலீலுல்லா. அந்த வரி கடகடவென்று வந்தது. அடுத்த வரியில் துரு என்று எழுதிவிட்டுப் பேனா நின்றது. தனப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மற்றவர்கள் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். யாராவது ஏதாவது சொல்லி இதை முடித்துவைப்பார்கள் என்று இனியன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

கலீலுல்லா ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை அவர் எதையும் விழுங்கிக்கொள்ளவில்லை, காத்திருந்தார், அவ்வளவுதான். டீயில் ஆடை படிந்தது.

இனியன் தன் பெயரை எழுதினார். தெரிந்தே அனுப்பியது என்றும் எழுதினார், சின்ன எழுத்தில். பேனாவை மூடாமல் வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

கலீலுல்லாவின் கோபம் தணியவில்லை. தணியும் என்று அவர் நினைத்திருந்தார். நோட்டைத் தன் பக்கம் திருப்பி, தன் பெயருக்குக் கீழே 2009 என்று போட்டார். மைப்படி எடுத்த 2014ஐயும் போட்டார். அதற்கப்புறம் சும்மா இருந்த பதினொரு வருடத்துக்கு என்ன சொல் எழுதுவது என்று பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.