பிரான்சும் அப்பாவின் வேலையும்

சுடலைமுத்து பணியில் இருக்கும்போதே இறந்ததால், அவருடைய பிள்ளைகளில் ஒருவருக்குக் கார்ப்பரேஷனில் வேலை உண்டு. ஒருவருக்குத்தான். மஞ்சுஷா எடுத்தால் கிளார்க், அவள் பி.காம். முடித்தவள். அவள் தம்பி சஜி எடுத்தால் அப்பா பிடித்த அதே துடைப்பம். அவன் பத்தாவது தவறியவன். யாரும் எடுக்காவிட்டால் கார்ப்பரேஷன் கொடுத்த காலனி வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

இவ்வளவுதான் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அப்பா இறப்பதற்குச் சற்று முன்பு மஞ்சுஷாவுக்குப் பிரான்சில் இடம் கிடைத்திருந்தது. மேலாண்மையில் முதுகலை. பாதிக்கு உதவித்தொகை, மீதிக்குக் கடன். செப்டம்பரில் சேர வேண்டும். இப்போது ஜூன், 2007. திங்கட்கிழமை அம்மாவும் பிள்ளைகள் இருவரும் கார்ப்பரேஷன் ஆபீசுக்கு நேரில் போய், வேலை யார் பெயருக்கு என்று சொல்ல வேண்டும்.

அவள் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்த்தாள். முதலாளியின் மகன் இங்கிலாந்தில் அதே மாதிரிப் படிப்பு முடித்து வந்து கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தான். அவன் அங்கே உட்கார்ந்திருப்பது படிப்பினாலா, அப்பாவினாலா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

காலையில் பஸ் ஏறும்போது போய்விடலாம் என்று தோன்றும். இறங்கும்போது வேண்டாம் என்று தோன்றும்.

எர்ணாகுளத்தில் அவள் படித்த கல்லூரியில் அவளுக்கு முன் படித்தவன் வெங்கிட்டு. இப்போது அவளுக்கு இடம் கிடைத்திருக்கும் பிரெஞ்சுக் கல்லூரியிலேயே முதுகலையும் முடித்து, அங்கேயே இருப்பவன். சனிக்கிழமை இன்டர்நெட் கஃபேயில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவனிடம் பேசினாள்.

"வெங்கிட்டு சேட்டா, வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சிருக்கு. ஒரு ஹோட்டல்ல ரிசப்ஷன்."

"அதுக்கு மாஸ்டர்ஸ் வேணுமா?"

"வேண்டாம். பிரெஞ்சு வேணும். அதுதான் எனக்குப் பாதி வரும்."

"அப்ப நான் வர வேண்டாங்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே. என்கூடப் படிச்ச பூனாக்காரி ஒருத்தி பாரிஸ்ல பெரிய கம்பெனில இருக்கா. அதே கிளாஸ், அதே வாத்தியார்."

"அவளுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு இங்க சாவி எடுத்துக் கொடுத்துண்டு இருக்கேன்?" சிரித்தான். "ஆனா எனக்குத் திரும்பி வரத் தோணலை. அதையும் கணக்குல சேத்துக்கோ."

அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா காளியம்மைக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

"உங்கப்பா அந்த ஆபீசுக்கு வெளிய நின்னுதான் சம்பளம் வாங்கினாரு. நீ உள்ள போயி கசேரயில உக்காரு. பிரான்சு எங்கயும் ஓடிராது."

"சீட்டு ஓடிரும்மா."

"ஓடுற சீட்டுல எப்பிடிட்டி உக்காருவ?"

சஜி தட்டில் இருந்த கப்பைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தான். விடிவதற்கு முன்பே எழுந்து போகிறவன். தோப்பும்படி ஹார்பரில் ஐஸ் ஏற்றப் போவதாகச் சொல்லியிருந்தான். பகலில் யாருடைய ஆட்டோவாவது கிடைத்தால் ஓட்டுவான்.

"நீ என்னடா சொல்றே?" என்றாள் மஞ்சுஷா.

"உனக்குத் தோணுறதச் செய்யி."

"எனக்கு ஒண்ணும் தோணலடா."

"இதுக்குத்தானா இவ்வளவு படிச்சே?"

திங்கட்கிழமை மழை. ஆபீசில் சூப்பிரண்டு அம்மிணி மூவரையும் உட்காரச் சொன்னாள். சஜியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இந்த மோனை எனக்குத் தெரியுமே. கூவப்பாடத்துல என் வீட்டு முன்னாடி தினமும் அடிச்சு வாருறவன். நீ அப்பவே பணியில சேர்ந்தாச்சுன்னல்லவா நான் நினைச்சேன்?"

காளியம்மை மகன் பக்கம் திரும்பினாள். "என்னல சொல்றாவ?"

சஜி தரையைப் பார்த்தான். "அது அப்பாவோட ரோடு. காலியா கெடந்தா வேற ஆளப் போட்டுருவாங்கன்னு காலனில எல்லாரும் சொன்னாங்க."

"எந்தா மோனே! இது பஸ்ல துண்டு போட்டுப் பிடிக்கிற சீட்டா? அப்படி ஒரு சட்டமும் இல்ல. சும்மாவா இவ்வளவு நாள் வாரினே?" அம்மிணி சிரித்தாள். மற்ற யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டாள்.

மஞ்சுஷா குரலைத் தாழ்த்தினாள். "யாருக்காகடா பிடிச்சு வச்சே? எனக்கா, உனக்கா?"

"இடம் போயிரக் கூடாது. அதுதான்."

"உனக்கு அந்த வேலை வேணுமா? நேராச் சொல்லு."

"காலையில முடிஞ்சிரும். அப்புறம் வண்டி ஓட்டலாம். சர்க்கார் வேலைன்னா பொண்ணு தருவாங்க."

தயாராக வைத்திருந்தவன்போலச் சொன்னான். ஆசைப்பட்டுத் தயார் செய்ததா, அவளை அனுப்பிவைக்கத் தயார் செய்ததா? முகத்தைப் பார்த்தாள். கூடப் பிறந்த முகம்தான். ஒன்றும் புரியவில்லை.

"அப்ப யாரு பேரு எழுதணும்?" என்றாள் அம்மிணி.

"மஞ்சுஷா" என்றாள் காளியம்மை.

"சஜி" என்றாள் மஞ்சுஷா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அம்மிணி பேனாவை வைத்தாள். "மோளே, படிச்சு முடிச்சா அங்க வேலை உறப்பா?"

"உறுதியில்ல."

"இவன் ரோட்டுல நிப்பான். அது உறப்பு. பின்ன எதுக்குப் போறே?"

பதில் தேடினாள். கடன், பிரெஞ்சு, பூனாக்காரி, சாவி எடுத்துக் கொடுக்கும் வெங்கிட்டு எல்லாம் வந்து போயின.

"இவன் பிடிச்சு வச்சது ரோடு. கசேர இல்ல" என்றாள். "எனக்காகன்னா ரோட்ட வாரியிருக்க மாட்டான், இந்த ஆபீஸ் வாசல்ல வந்து நின்னிருப்பான்."

சொன்ன பிறகு, அது காரணமா அல்லது அவளுக்கு வசதியாகக் கிடைத்த ஒன்றா என்று யோசித்தாள். அம்மிணி அவன் பெயரை எழுதினாள்.

காளியம்மை கையெழுத்துப் போட வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். பேனாவை மேசைமேல் போட்டாள். "படிச்சதும் கிறுக்கு, படிக்காததும் கிறுக்கு. எனக்குன்னு வந்து பொறந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, குடையைக்கூட விரிக்காமல் இறங்கிப் போனாள்.

அக்காவும் தம்பியும் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். ஒரு பஸ் வந்து, நிற்காமல் போனது.

"அக்கா, நாம செஞ்சது சரிதானே?"

"தெரியல."

சஜி சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"அங்க போயித் தெரிஞ்சா ஃபோன் பண்ணு" என்றான்.