முப்பத்து மூன்றில் பாடிய மனிதர்

பல் டாக்டரிடம் போகிறவர்களுக்குப் பாதி உயிர் வாசலிலேயே போய்விடும். மீதிப் பாதியைப் பிடித்து வைக்க இந்த டாக்டர் ஒரு பாட்டுக்காரரை நம்பியிருந்தார். வந்தவரை நாற்காலியில் சாய்த்து, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்த கையோடு சுவரோரத்து ஸ்பீக்கரைத் தட்டிவிடுவார். அடிவயிற்றிலிருந்து புறப்படும் கனத்த ஆண்குரல் ஒன்று, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத குரல், அறையை மெல்ல நிரப்பும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போதுகூடக் கண்ணை மூடிக் கேட்டுக் கிடந்தவர்கள் உண்டு. "அந்த ஐயா பாட்டுப் போடுவாரே, அந்த டாக்டர்" என்றுதான் தெருவில் அவருக்கு அடையாளம்.

அந்த ஐயா யார் என்று டாக்டருக்கே தெரியாது. கல்லூரிக் காலத்தில் பழைய சாமான் கடையில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கினார். வேகத்தை மாற்றும் குமிழ் உடைந்திருந்தது. "பெரிய தட்டு எல்லாத்துக்கும் ஒரே வேகம்தான் தம்பி, குமிழ வெச்சு என்ன பண்ணப் போறீங்க" என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார். அதன் தலையில் ஒரு இசைத்தட்டு உட்கார்ந்தபடியே வீடு வந்து சேர்ந்தது. உறை கிடையாது. நடுவிலிருந்த வட்டக் காகிதத்தில் பாதியைக் காபிக் கறை தின்றிருந்தது. மிஞ்சியது இரண்டு முதலெழுத்தும் ஒரு குடும்பப் பெயரும். இணையம் வந்த பிறகு சல்லடை போட்டுத் தேடினார். யாரோ ஒரு சின்னக் கம்பெனி சொற்பமாக அச்சடித்து, கடையைச் சாத்திக்கொண்டு போனதாக மட்டும் தெரிந்தது.

டாக்டருக்குப் பாட்டுப் பைத்தியம், படப் பைத்தியம் இரண்டுமே உண்டு. வீட்டில் ஒரு சுவர் முழுக்கத் தட்டுகள், இன்னொரு சுவரில் படங்கள். எது உசத்தி என்று கேட்டால் வாரத்துக்கு ஒரு பதில் சொல்வார். முதலிடம் மட்டும் மாறாது. காதலிக்கிற காலத்தில் டெலிபோனை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்து அந்தத் தட்டைப் போடுவார். அந்தப் பக்கம் இன்று கணக்கு டீச்சராக இருக்கும் அவர் மனைவி மூச்சுக் காட்டாமல் கேட்பாள். பிள்ளையைத் தூங்கவைத்ததும் அதே தட்டுதான்.

"ஒரு வரிய எவ்வளவு நேரம் இழுக்கிறார் பாரு. இடையில மூச்சே வாங்கல. இப்படி ஒரு நுரையீரல் எந்த மனுஷனுக்கு இருக்கு?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சவால் விடுவார்.

ஓய்வுபெற்ற ஒலிப்பதிவு இஞ்சினியர் ஒருவர் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மதியம் ரசிகர்கள் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு முறை. மனசுக்குப் பிடித்த மூன்று படம், ஐந்து ஆல்பம். படத்திலிருந்து ஒரு துண்டு காட்டலாம், ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுப் போடலாம், பேசலாம், சண்டையும் போடலாம். டாக்டரின் முறை வந்தபோது இஸ்திரி போட்ட சட்டையும், பழைய பனியன் துணியில் சுற்றிய தட்டுமாகப் போய் இறங்கினார். அந்தத் தட்டு வீட்டுப் படி தாண்டியது அன்றுதான் முதல் தடவை. கிளினிக்கில் பாடியதெல்லாம் போனில் பதிந்துவைத்த பிரதிதான். டீச்சர் மனைவியும் கூட வந்திருந்தாள்.

படங்கள் நன்றாகவே போயின. மூன்றாவது படம் பாலம் கட்டும் தொழிலாளிகளைப் பற்றியது. அதில் ஒரு விதவை மொட்டை மாடியில் துணி காயப்போடுவாள். பின்னணியில் ஒரு பெண்குரல் வார்த்தையே இல்லாமல் ஹம்மிங் செய்யும். அந்த இடத்தை ஓடவிட்டு, "இந்த ஒரு நிமிஷத்துக்காகவே எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது" என்றார் டாக்டர். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாகத் தட்டு. இஞ்சினியர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கறைமேல் பூதக்கண்ணாடியை வைத்து எதையோ படித்தார். தன் மிஷினில் வைத்துக் குமிழைத் திருகினார். டாக்டர் கூட்டத்தைப் பார்த்து நின்று, "இப்போ ஒரு மனுஷன் பாடப் போறார்…" என்று ஆரம்பித்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் பாடினாள்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "சார், தட்டு மாறிப்போச்சு."

"உங்க தட்டுதான் டாக்டர். இப்பத்தானே கையில குடுத்தீங்க."

"அப்போ உங்க மிஷின்ல ஏதோ கோளாறு."

"மிஷின் நல்லாத்தான் ஓடுது. இது நாற்பத்தஞ்சு சுத்துத் தட்டு. கறைக்கு அடியில போட்டிருக்கு, வந்து பாருங்க. நீங்க எந்த வேகத்துல போடுவீங்க?"

நிமிடத்துக்கு நாற்பத்தைந்து முறை சுற்ற வேண்டிய தட்டை முப்பத்து மூன்றில் சுற்றவிட்டால் பாட்டும் இழுபடும், குரலும் கனத்துப் போகும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்ததை அந்தத் தட்டோடு பொருத்திப் பார்க்கத்தான் ஒரு நாளும் தோன்றவில்லை. அந்தப் பெண் துறுதுறுவென்று, நடந்துகொண்டே பாடுவதுபோல் பாடிக்கொண்டிருந்தாள். வரிக்கு வரி எல்லோரையும்போல் மூச்சு வாங்கினாள். டாக்டர் பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பத்து மூணுல போடுங்க" என்றார்.

போட்டார்கள். ஐயா வந்தார். நல்ல மிஷினில் கேட்டபோது ஐயாவின் நாக்கு குழைவதும், பியானோ சேற்றில் கால் வைத்து நடப்பதும் அப்பட்டமாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். சிரிப்பு தொற்றிக்கொண்டது. நல்ல மனுஷர்கள்தான், கெட்ட எண்ணம் கிடையாது, ஆனாலும் சிரித்தார்கள்.

சிரிக்காத இஞ்சினியர்தான் அடுத்த குண்டைப் போட்டார். "டாக்டர், இன்னொண்ணு கவனிச்சீங்களா? உங்க படத்துல துணி காயப்போடுற சீன்ல வர்ற குரலும் இதுவும் ஒண்ணு. அந்தப் பதிவுல நான் உதவிக்கு இருந்தேன். அந்தம்மாவ எனக்குத் தெரியும். பாட்ட விட்டுட்டு டிரைவிங் ஸ்கூல் நடத்துறாங்க. எங்க மருமகளுக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்ததே அவங்கதான்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் டீச்சர் சிரித்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "நான் உங்க குரலுக்கு மயங்கல, அந்த ஆளு குரலுக்குத்தான் மயங்கினேன், தெரியுமா? இப்போ போய் யாருகிட்ட நியாயம் கேக்கிறது?" என்றாள். டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "என்னங்க, சாவு வீட்டுக்குப் போய்ட்டு வர்ற மாதிரி வர்றீங்க?"

"ஆமா. அப்படித்தான் இருக்கு" என்றார் அவர்.

அந்த வாரம் கிளினிக்கில் ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை. வேர் சிகிச்சைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டாக்டர், அந்த ஐயா பாட்டு எங்க?" என்றார்.

"அவர் இல்லைங்க."

"அடடா! எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

பெரியவர் வாயில் பஞ்சோடு கைகூப்பினார். டாக்டர் திருத்தவில்லை. திருத்துவதற்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

சிரிப்பு வராமல், அழுகையும் வராமல், தட்டைத் தொடவும் பிடிக்காமல் அவர் சுற்றி வந்ததைப் பார்த்து டீச்சர்தான் சொன்னாள்: "அந்தம்மாவையாவது ஒரு தடவ பாத்துட்டு வாங்க. கை குடுக்க யாராவது ஒரு ஆள் மிஞ்சியிருக்காங்களே."

டிரைவிங் ஸ்கூல் ஒரே அறை. சுவரெல்லாம் சாலைக் குறிகள். மேசைமேல் கழற்றி வைத்த ஒரு கியர் பெட்டி. எழுபதைத் தொடும் அந்தம்மா குட்டையாக, கணீரென்ற பேச்சோடு இருந்தார். டாக்டர் தட்டைப் பற்றிச் சொல்லச் சொல்ல நாற்காலியே ஆடும்படி சிரித்தார்.

"நான் ஆம்பளையா? நல்லாருக்கே! இத்தன வருஷமா உங்க கிளினிக்ல நான் மீசை வெச்சுக்கிட்டா பாடிட்டிருந்தேன்? போன்ல இருக்கா? போடுங்க தம்பி, கேப்போம்."

டாக்டர் தன் பழைய பிளேயரில் ஓடவிட்டுப் பதிந்து வைத்திருந்ததைப் போட்டார். பியானோ தள்ளாடி வந்தபோது அந்தம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார். அப்புறம் குரல் வந்தது. சிரித்த வாய் மூடவில்லை. சிரிப்பு மட்டும் அதிலிருந்து போய்விட்டது. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இத எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"நீங்க பாடினதுதாம்மா. வேகம் மட்டும்தான்…"

"இது எங்க அண்ணன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அந்தம்மா குடிக்கவில்லை. யாரிடமோ முறையிடுவதுபோல் பேச ஆரம்பித்தார். பாட்டெல்லாம் அண்ணன் கட்டியது. பாட வேண்டியவரும் அவர்தான். ஸ்டூடியோவில் நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின வாரம் மோட்டார் சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. குறித்த நாளை வீணாக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து தங்கையைப் பிடித்து ஸ்டூடியோவுக்குள் தள்ளிவிட்டார்கள். அண்ணன் எப்படி எப்படி நிறுத்துவாரோ, எங்கே எங்கே வளைப்பாரோ, அப்படியே தங்கை பாடிவிட்டு வந்தார்.

"அண்ணன் குரல் இருந்தது ஒரே ஒரு கேசட்ல. அதுமேல யாரோ கிரிக்கெட் கமெண்ட்ரி பிடிச்சு அழிச்சுட்டாங்க. மூஞ்சி போட்டோல இருக்கு தம்பி. குரல் போயிடுச்சு. நெனச்சு நெனச்சுப் பாப்பேன், காதுல விழாது. இப்போ நீங்க வந்து, சட்டப் பையிலேர்ந்து எடுத்து…"

வாசலில் வண்டி கற்றுக்கொள்ள வந்த பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அந்தம்மா கையாட்டி அவளை அனுப்பிவிட்டார்.

"அண்ணி மாடியிலதான் இருக்காங்க" என்றார் மெதுவாக. "அவங்களுக்கு இத எப்படிப் போட்டுக் காட்டுறது? நெஞ்சு தாங்குமா? போடாம இருந்தா அது பாவம் இல்லையா? நீங்க டாக்டர்தானே, சொல்லுங்க."

"நான் பல் டாக்டர்ம்மா."

"பரவால்ல, வாங்க."

இருவரும் மாடி ஏறினார்கள். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது. "என்ன குட்டி, யாருக்கு என்ன ஆச்சு?"

அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னார். தட்டு, வேகம், டாக்டர், அண்ணன். அண்ணி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். "சரி, போடுங்க தம்பி" என்றார்.

டாக்டர் இரண்டு முறை தவறாக அழுத்திவிட்டார். மூன்றாவது முறை பாட்டு வந்தது. அண்ணி கண்ணை மூடவில்லை. மடித்த துணிகளைப் பார்த்தபடி, பள்ளிப் பிள்ளை ஒப்பிக்கும் பாடத்தைக் கேட்பதுபோல் உன்னிப்பாகக் கேட்டார். முதல் பாட்டு முழுக்க ஓடி முடிந்தது. அந்தம்மா அவர் முகத்தையே பார்த்திருந்தார்.

"அவரு இல்ல" என்றார் அண்ணி.

அந்தம்மா அடிபட்டவர்போல் நிமிர்ந்தார். "என்ன அண்ணி சொல்றீங்க? அப்படியே அண்ணன் குரல்தானே?"

"இல்ல குட்டி. அவரு குரல் இவ்வளவு கனமா இருக்காது. கொஞ்சம் மூக்கால பாடுவாரு. நீ எத்தன தடவ கேலி பண்ணியிருக்கே. அதெல்லாம் மறந்துட்டியா?" கோபமில்லாமல், கணக்குச் சரிபார்ப்பதுபோல் சொன்னார். "எனக்கு மறக்கல. மறக்கும்னு நானும் பயந்துட்டுத்தான் இருந்தேன். இதக் கேட்டதும் மனசுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அது வேற, இது வேற."

அந்தம்மா கீழே கண்டெடுத்ததை மாடியில் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இவரைத் தேடி வந்து இப்படி ஒரு காரியம் செய்துவிட்டோமே என்று டாக்டருக்கு இருந்தது. போனை அணைத்துவிட்டு எழுந்துவிடலாம் என்று கையை நீட்டினார். இரண்டாவது பாட்டு தொடங்கியிருந்தது.

"நிறுத்தாதீங்க" என்றார் அண்ணி.

ஒரு கையால் நாத்தனாரின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "யாரோ ஒரு நல்ல மனுஷன் பாடுறான். அவரு கட்டின பாட்டத்தான் பாடுறான். ஓடட்டும்."

டாக்டர் மறுபடி உட்கார்ந்தார். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் இரண்டு பெண்களும் அசையவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்டும் அந்தப் பாட்டின் இரண்டாம் வரியை அவர் தப்பாகவே புரிந்துவைத்திருந்தார் என்பது, அண்ணி அதைக் கூடவே வாய்க்குள் சொன்னபோதுதான் டாக்டருக்குத் தெரிந்தது.